பக்கத்துக்கு இருபத்து நான்கு நட்டு

இந்தக் கைக்கட்டா? பயப்படாதீங்க அக்கா, ஒட்டிக்கொள்கிற வியாதி ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் வெந்நீர். காலையில் பட்டது, குன்னூரில் ஒரு மருந்துக்கடைக்காரர் களிம்பு தடவிக் கட்டிவிட்டார். நீங்க தாராளமாகச் சாய்ந்து உட்காருங்க. இந்த பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வரைதானே? நல்லதாப் போச்சு. எனக்கு இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். நீங்க எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க, உண்மையைச் சொன்னது என் தப்பா?

சும்மா தலையாட்டாதீங்க அக்கா. பேச்சுப் போட்டியில் நடுவர்கள் இப்படித்தான் நான் வாயைத் திறந்ததுமே தலையாட்டுவார்கள், கடைசியில் பரிசை எதிரணிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முழுசாகக் கேளுங்க.

என் பெயர் சிந்துஜா. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல், கடைசி வருஷம். "பொம்பளப் புள்ளைக்கு மெக்கானிக்கலா"ன்னு நீங்களும் ஆரம்பித்தால் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விடுவேன். ஆரம்பிக்கவில்லை. சரி.

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு கார் இருக்கிறது. முப்பத்தாறாம் வருஷத்து ஃபோர்டு. ஊரை விட்டுப் போன ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து தாத்தா வாங்கியது. தாத்தாவுக்குப் பிறகு பெரியப்பாவிடம் வந்தது. பெரியப்பா வேலுச்சாமி கணபதியில் பம்ப்செட் வார்க்கிற பட்டறை வைத்திருக்கிறார், அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். பழைய கார்க்காரர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, அதில் இவர் கார் என்றால் சாமி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வருவார்கள், பானட்டைத் தூக்குவார்கள், ஒரு துணியால் இஞ்சின் நம்பரைத் துடைத்துப் பார்ப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற அதே நம்பர். "தாத்தா வாங்குனப்ப இருந்த அதே இஞ்சினுங்க! ஒரு நட்டு மாறலீங்க!" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பெரியப்பா ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். காபி கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார். அதுதான் சாமர்த்தியம். வாயைத் திறக்காமலே பொய் சொல்கிற வித்தை எல்லாருக்கும் வராது.

ஆமாம், பொய்தான். எப்படித் தெரியும் என்றால், நான் எண்ணினேன்.

சங்கத்தில் இந்த வருஷம் மலையேற்றம் வைத்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர். பெரியப்பா கார் கோவையிலேயே சிக்னலில் நின்றால் கொதிக்கும், மலைக்கு எங்கே போவது? நான்தான் சொன்னேன், என்கிட்ட கொடுங்க பெரியப்பா, புராஜெக்டாகவும் ஆச்சு, உங்க வண்டியை மலை ஏற்றினமாதிரியும் ஆச்சு என்று. அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வேண்டாம் அம்மிணி, அது அப்படியே இருக்கட்டும்." நான் விடுவேனா? பெரியம்மாவை வைத்துப் பேசினேன், அவர் மகனை, எங்கள் அண்ணனை, வைத்துப் பேசினேன். கடைசியில் கொடுத்தார்.

பானட்டைத் திறந்தேன். இந்த இஞ்சின் எப்படி என்றால் அக்கா, வால்வெல்லாம் கீழே பிளாக்கிலேயே இருக்கும். மேலே இருக்கிற ஹெட் வெறும் மூடிதான், தோசைக்கல் மாதிரித் தட்டை. அதனால்தான் ஃபிளாட்ஹெட் என்று பெயர். எட்டு சிலிண்டர், பக்கத்துக்கு நாலு, இரண்டு தோசைக்கல். அந்தத் தோசைக்கல்லைச் சுற்றி நட்டு போட்டு இறுக்கியிருக்கும். எந்த வருஷத்து இஞ்சின் என்று கண்டுபிடிக்க அந்த நட்டை எண்ணினால் போதும். முப்பத்தாறு என்றால் பக்கத்துக்கு இருபத்தொன்று இருக்க வேண்டும். நான் எண்ணினால் இருபத்து நான்கு. மறுபக்கமும் இருபத்து நான்கு. அது பின்னால் வந்த இஞ்சின் அக்கா, சண்டைக்காலத்து ராணுவ லாரிகளில் போட்டது. தண்ணீர் பம்ப் வேறு, மேலே ஹெட்டில் இருக்க வேண்டியது கீழே பிளாக்கில் இருக்கிறது. அதற்குத் தகுந்தமாதிரி ரேடியேட்டர் கழுத்தை அறுத்து நகர்த்தி, பித்தளைப் பற்று வைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நல்ல கைவேலை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வார்ப்புப் பட்டறைக்காரன் கைவேலை.

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "இது தாத்தா வாங்கின இஞ்சின் இல்ல பெரியப்பா."

"நம்பரைப் பாரு."

"நம்பர் இஞ்சின்லயே இல்ல. இந்த வண்டிக்கு நம்பரை அடிச்சிருக்கறது கியர்பாக்ஸோட முன்பக்க மூடி மேல. இஞ்சினைக் கழட்டி எறிஞ்சுட்டு வேற வெச்சாலும் நம்பர் அங்கயேதான் நிக்கும். இத்தனை வருஷமா சங்கத்துக்காரங்க எல்லாரும் கியர்பாக்ஸைப் பாத்து இஞ்சினுக்கு ஜே போட்டுட்டு இருக்காங்க."

 அவர் கையில் இருந்த வேஸ்ட் பஞ்சால் விரல் விரலாகத் துடைத்தார், அழுக்கே இல்லாத கையை. பிறகு, "சாப்டியா?" என்றார்.

பாருங்க, வாதத்துக்குப் பதில் இல்லாதவர்கள் கேட்கிற கேள்வி!

"யார் மாத்துனாங்க? தாத்தாவுக்குத் தெரியுமா?"

"அம்மிணி, நீ என்ன வேணா பண்ணு. கழட்டு, கழுவு, சீவு, நான் ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சது உன்னோட இருக்கட்டும். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா பெயர் சுந்தரம், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தோசையைப் பிட்ட கை அப்படியே நின்றது. "யார்கிட்டயும் சொன்னியா கண்ணு?" அதுதான் முதல் கேள்வி. அப்படியா, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு ஆச்சரியம்? ஒரு பெருமை? ஒன்றும் கிடையாது. "விட்ரு. அண்ணன் காரணமில்லாம எதும் செய்ய மாட்டாரு." என் அப்பாவுக்கு அவர் அண்ணன் சொன்னால் சூரியன் மேற்கே உதித்துவிடும். அவ்வளவு பயம். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், அண்ணன் நின்றால் இவர் உட்கார மாட்டார். பெரியப்பாவுக்கு ஒரு காய்ச்சல் என்றால் இவர் போய் ராத்திரி பகலாகக் கிடப்பார். அடிமைத்தனம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டும் கண்ணு" என்பார். இவரை வைத்துக்கொண்டு நான் எங்கே வாதம் பண்ணுவது?

சரி என்று வேலையைப் பார்த்தேன். என்ன வேலை தெரியுமா? இந்த இஞ்சினில் புகை வெளியே போகிற வழி பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீரை உரசிக்கொண்டு போகும், அதனால் சூடு அதிகம். அந்தத் தண்ணீர் வழி முழுக்கத் துரு, சேறு. அமிலம் ஊற்றிக் கழுவினேன், கம்பி விட்டுக் குத்தினேன், வாளி வாளியாகச் செம்மண் குழம்பு வந்தது. இரண்டு பம்புக்கும் புதுச் சக்கரம் கடைந்தேன். கடைசியாக ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கல்லூரி மெஷினில் துளி சீவினேன். சீவினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும், இழுவை கூடும். அப்பா பட்டறை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "இழுவை கூடினா சூடும் கூடுமில்ல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி கூட ஓட்டத் தெரியாத மனுஷன். வாழ்நாள் முழுக்க சைக்கிளும் பஸ்ஸும்தான். "அப்பா, நீங்க அல்ஜீப்ராவைப் பாருங்க" என்றேன்.

இன்று காலையில் மேட்டுப்பாளையத்தில் கொடியசைத்தார்கள். பெரியப்பா ஓட்ட, அப்பா பக்கத்தில், நான் பின்னால். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, இஞ்சினைச் சரிபண்ணியவள் நான், ஆனால் பின் சீட். சங்கத்துச் செயலாளர் பிரபாகரன் என்று ஒருவர், மைக்கைப் பிடித்தால் விட மாட்டார். "அடுத்து நம்ம வேலுச்சாமி ஐயா! ஒரு நட்டு மாறாத வண்டி! மாற்றமில்லா வண்டிப் பிரிவுல வர்றாருங்க!" கைதட்டினார்கள். பெரியப்பா சிரித்தார். பிறகு அந்த ஆள் ஜன்னலுக்குள் குனிந்து, "பாப்பா யாருங்க?" என்றார்.

பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி பொண்ணுங்க. மலை பாக்க வந்திருக்கு."

மலை பார்க்க! அமிலம் பட்டு என் நகமெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கிறது, பாருங்க. மாற்றமில்லாத வண்டி என்று பெயர் வாங்க வேண்டுமானால் நான் செய்த மாற்றமும் இருக்கக்கூடாதே! அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். கல்லாறு தாண்டும் முன்பே சொல்லியும் விட்டேன். "பெரியப்பா, மேல நடுவர்கள் வந்து பாப்பாங்க இல்ல, நான் சொல்லிடுவேன்." ஒளித்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை அக்கா. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் செய்தேன்.

"என்ன சொல்லுவ?"

"இஞ்சின் தாத்தா இஞ்சின் இல்லன்னு. உங்க பேருக்காக நான் பொய்யா நிக்க முடியாது. இது என் பேருக்காக இல்ல, உண்மைக்காக."

பெரியப்பா கியரை மாற்றினார். ஒரு வேடிக்கை கேளுங்க, பெரியப்பா கிளட்சை மிதிக்கும் முன்பே அப்பாவின் இடது கால் தரையில் அழுந்தும். ஒவ்வொரு வளைவிலும். பயந்தவர்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடுவார்கள் இல்லையா, இவருக்குப் பயத்தில் கால் கூட மாறிவிட்டது. முகமெல்லாம் வேர்வை. மலைக்காற்று ஜில்லென்று அடிக்கிறது, இவருக்கு வேர்க்கிறது.

"சிந்து," என்றார் அப்பா, திரும்பாமல். "நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதும் கேட்டதில்ல. இதைக் கேக்கறேன். சொல்லாத."

"காரணம் சொல்லுங்க, விடறேன்."

அப்பா வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார், கண்ணாடியில் பார்த்தேன். பெரியப்பா குறுக்கே விழுந்து, "காரணமும் இல்ல ஒண்ணும் இல்ல. சுந்தரம், நீ ரோட்டைப் பாரு" என்றார். ஓட்டுகிறவர் அவர், ரோட்டைப் பார்க்க வேண்டியது இவரா? ஆக, காரணம் இல்லை. அவர்கள் வாயாலேயே ஒத்துக்கொண்டாகிவிட்டது. காரணமில்லாத ரகசியத்தை நான் ஏன் காக்க வேண்டும்?

பர்லியாறு நெருங்கும்போது அப்பா சொன்னார், "சத்தம் மாறுது." எனக்குக் கேட்கவில்லை. "அண்ணா, நிறுத்து. டக் டக்குங்குது. நிறுத்துண்ணா!" பெரியப்பா, இன்னும் கொஞ்சம் போய்க் கடைப்பக்கம் நிறுத்தலாம் என்றார். நான் சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். சிவப்பில் நின்றது. அடுத்த வளைவில் பானட் இடுக்கிலிருந்து ஆவி. அப்படியே ஓரம் கட்டினோம், பாறையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு இடம். நான் சீவிய ஹெட்டால் என்று நீங்க நினைக்கலாம். கிடையாது. பெரியப்பா கியரைக் குறைக்காமல் இழுத்ததால். இதை நான் எங்கே வேண்டுமானாலும் நிரூபிப்பேன்.

நான்தான் இறங்கி ஓடினேன். இறங்கின வேகத்தில் துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன், அதுதான் இந்தக் கை. வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, இஞ்சின் முக்கியமா கை முக்கியமா? கேனை எடுத்துப் பாறைத் தண்ணீரைப் பிடித்தேன். கொண்டுவந்து ஊற்றப் போகிறேன்.

"ஊத்தாத!"

அக்கா, என் அப்பா கத்தி நான் கேட்டதே இல்லை. நான் பன்னிரண்டாவதில் வேதியியலில் கோட்டை விட்டபோது கூடக் கத்தவில்லை. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், வெந்த கையை. "பச்சத்தண்ணி ஊத்தாத, பிளாக் வெடிச்சுரும், ஒரு சத்தம் வரும், டப்புன்னு, அவ்வளவுதான், அதுக்கப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது, ஒண்ணும் பண்ண முடியாது…" சொல்லிக்கொண்டே போகிறார்.  கேன் கீழே விழுந்து தண்ணீரெல்லாம் என் செருப்பில்.

எனக்குத் தெரியாதா? கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்று முதல் வருஷத்திலேயே படித்தாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றியிருப்பேன். அவசரத்தில் கேனைச் சாய்த்தது அப்படித் தெரிந்திருக்கும்.

இதற்குள் பெரியப்பா சுற்றிக்கொண்டு வந்தார். என் கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். நேராக அப்பாவிடம் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகல தம்பி. ஒண்ணும் ஆகல. பாரு, வெடிக்கல" என்கிறார். குழந்தைக்குச் சொல்கிறமாதிரி. வெந்தது என் கை! ஆறுதல் யாருக்குப் பாருங்க!

பிறகு அப்பாவே எல்லாம் செய்தார். இஞ்சினை மெதுவாக ஓடவிடச் சொன்னார், வெளியே ரேடியேட்டர் மேல் தண்ணீர் தெளித்தார், வெகுநேரம் காத்திருந்தார், டம்ளர் டம்ளராக, ஓடுகிற இஞ்சினிலேயே ஊற்றினார். ஒவ்வொரு டம்ளருக்கும் காதை வைத்துக் கேட்டார். எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். "கேள்விப்பட்டதுதான் கண்ணு" என்றார். குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.  நான் ஒருதரம் சொன்னேன், "எதுவும் மாறல. நான் சொல்லத்தான் போறேன்." பெரியப்பா, "ஏறு வண்டில" என்றார்.

குன்னூர் வரை பெரியப்பா கீழ் கியரிலேயே ஓட்டினார், முள் அசையவில்லை. என் இஞ்சின் ஏறிவிட்டது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மைதானத்தில் பதினைந்து இருபது கார், ஷாமியானா, கூட்டம். நடுவர் பெலியப்பா என்று ஒரு குடகுக்காரர், பெரிய மீசை, தமிழ் நன்றாகப் பேசுகிறார். கையில் டார்ச். பெரியப்பா காருக்கு வந்தார், பானட்டைத் தூக்கினார், வழக்கம்போல நம்பருக்கு டார்ச் அடித்தார், தலையாட்டினார். பிரபாகரன் நீல ரிப்பனை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.  மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பேசியிருக்கிறேன், அப்படித் தயங்கி நின்றதில்லை. அப்பா எனக்கு எதிரே, காருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். என்னையே பார்க்கிறார். தலையை மட்டும் இப்படி, மெல்ல, வேண்டாம் என்று ஆட்டுகிறார்.

நான் சொன்னேன். "சார், ஒரு நிமிஷம். நம்பரைப் பாக்காதீங்க, நட்டை எண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். குனிந்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்தொன்று தாண்டியும் விரல் போய்க்கொண்டே இருந்தது.  அவர் நிமிர்ந்து, "மிஸ்டர் வேலுச்சாமி, இது வார் டைம் இஞ்சின். யார் மாத்துனது?" என்றார்.

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். "சார்…"

"நான்தானுங்க," என்றார் பெரியப்பா. பட்டென்று, அப்பா வாயை மூடும் முன்பே. "எண்பத்து நாலுல. தீபாவளி சமயம். எங்கய்யன் காசிக்குப் போயிருந்தாருங்க. அவருக்குத் தெரியாம வண்டிய எடுத்துட்டு நான் மலையேறுனேன். பர்லியாறு தாண்டிக் கொதிச்சுது. வெவரம் பத்தாம பச்சத்தண்ணிய ஊத்திட்டேன். பிளாக் ரெண்டா வெடிச்சுருச்சு. அவரு கோவம் ஊருக்கே தெரியும், அந்த வண்டி மேல கீறல் விழுந்ததுக்கே ஆள வீட்ட விட்டு அனுப்புன மனுஷன். தெரிஞ்சா மறுபடி வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாரு. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணத்துல பழைய லாரி இஞ்சின வெச்சுத் தண்ணி எறச்சுட்டு இருந்தாங்க. அதைக் கொண்டாந்து, அவரு வர்றதுக்குள்ள பட்டறை ஆளுங்கள வெச்சு மாத்திட்டேன். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

"அண்ணா, வேண்டாம்ண்ணா," என்கிறார் அப்பா. அழுகிற குரல்.

"நீ சும்மா இரு சுந்தரம்."

பிரபாகரன் ரிப்பனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். ஒருவர் என்றால் ஒருவர் பெரியப்பா முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் காபியைக் குடித்தவர்கள்! அடுத்த காருக்கு நகர்ந்துவிட்டார்கள். பெலியப்பா மட்டும் என் கையைக் குலுக்கினார், நல்ல கையை. அவரிடம் பெரியப்பா சொன்னார், "இதை மலையேத்துனதும் இந்தப் பொண்ணுதானுங்க. பம்ப்பு, ஹெட்டு எல்லாம் அவ வேல. எழுதிக்கோங்க." பாருங்க, சொல்ல வேண்டியதை எல்லாம் மாட்டிக்கொண்ட பிறகு சொல்கிறார். இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால்?

நான் ஜெயித்துவிட்டேன் அக்கா. எல்லார் முன்னாலும் நிரூபித்தாகிவிட்டது. ஆனால் என் அப்பா காருக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்துவிட்டார், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு. பெரியப்பா பக்கத்தில் போய், கட்டியிருந்த பட்டு வேட்டியோடு, ஈரப் புல்லில் உட்கார்ந்தார். நான் போனேன். "என்னப்பா? பொய் சொன்னது அவரு. நீங்க எதுக்கு அழறீங்க?" அப்பா நிமிரவில்லை. "நீ பஸ்ல போ கண்ணு. நாங்க வர்றோம்." அவ்வளவுதான். அண்ணன் மானம் போனதற்கு இப்படி அழுகிறவர், மகள் கை வெந்ததைக் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்க. தப்பு யார் மேல்?

நீங்க ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? இருங்க, முடியவில்லை. பஸ் ஏறியதிலிருந்து ஒன்று எனக்கு இடித்துக்கொண்டே இருக்கிறது. பெரியப்பா சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எண்பத்து நாலு தீபாவளி என்றார் இல்லையா? அது அவருக்குத் தலை தீபாவளி. பெரியம்மா வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்பார், மாப்பிள்ளை முறுக்காக வருவார் என்று பார்த்தால் மாவுக்கட்டுப் போட்ட காலோடு வந்தார், ஒரு மாசம் முன்பே பட்டறையில் வார்ப்புப் பெட்டி விழுந்து இடது கால் எலும்பு போய், இரண்டு மச்சான்கள் தூக்கித்தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தார்கள் என்று. இடது கால்! கிளட்சை எதால் மிதித்தார்? மேட்டுப்பாளையம் ரோட்டைக் கூடத் தாண்டியிருக்க முடியாது, பர்லியாறு எங்கே வந்தது?

ஆக, அதுவும் பொய். எல்லார் முன்னாலும், நடுவர் முகத்துக்கு நேராக, இரண்டாவது பொய். வண்டியை எடுத்துக்கொண்டு போனது வேறு யாரோ. தண்ணீர் ஊற்றியது வேறு யாரோ. அந்த ஆளுக்காக இவர் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார், இன்றைக்குச் சங்கத்தில் இருந்த பெயரையும் தூக்கிப் போட்டுவிட்டார். யாராயிருக்கும்? டிரைவரா? கூட்டாளியா? அந்த ஆள் இத்தனை காலமாக எங்கேயோ நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான், இவர் தலை குனிந்து நிற்கிறார். இது நியாயமா? சொல்லுங்க, இதை விட முடியுமா?

விடப் போவதில்லை. அப்போதுதான் கல்யாணமாகி வந்த பெரியம்மாவை விட்டால், எண்பத்து நாலில் அந்த வீட்டில் இருந்தவர்களில் மிச்சம் பெரியப்பாவும் அப்பாவும்தான். பெரியப்பா சொல்ல மாட்டார். அப்பாவுக்கு நிச்சயமாகத் தெரியும், நேராகக் கேட்டால் அப்பாவுக்குப் பொய் வராது. இப்போதே கேட்டுவிடுகிறேன். டவர் கிடைக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்க, சாட்சிக்கு ஒரு ஆள் இருந்தமாதிரி ஆச்சு.

ரிங் போகுது.

என்னக்கா? ஏன் என் கையைப் பிடிக்கறீங்க? அந்தக் கை இல்ல, வலிக்குது. விடுங்கக்கா, போனை விடுங்க, எடுத்துட்டாரு.

ஹலோ, அப்பா? ஒரே ஒரு கேள்விப்பா.